தை பிறந்தால் விலை பிறக்குமா?

மார்கழித் திங்கள் பாதி கழிந்ததும் நம் ஊர்த் தெருக்களிலே ஒரு மணம் எழும். மலரின் மணமன்று, பனியின் மணமுமன்று. தொட்டியிலே ஊறும் கிளிஞ்சல் சுண்ணாம்பின் மணம்! சிறிது நீலம் கலந்து, மட்டையை நனைத்து, மாடத்திலிருந்து மதிற்சுவர் வரை வெள்ளையடிப்பர் மக்கள். ஆண்டு முழுவதும் அழுக்கேறிய சுவர் ஒரே பகலில் பளிச்சிடும். உழைத்தவன் வீட்டில் உவகை பொங்கும் நாள் வருகிறது. அதற்கு வீடும் தயாராகிறது. இதிலே குறை காண நமக்கு ஒன்றுமில்லை. மகிழ்கிறோம்.

ஆனால், அதே சுண்ணாம்பு, அதே மட்டை, அதே மார்கழி. வீட்டுக்காரன் நோக்கம் மட்டும் வேறு என்றால்? பொங்கலிடுவதற்காக அல்ல, விற்பதற்காக அந்த வீடு வெள்ளையாகிறது என்றால்? வாழ்வதற்காக அடித்த வெள்ளையும் விற்பதற்காக அடித்த வெள்ளையும் ஒன்றுதானா?

இந்தக் கேள்வி ஏட்டிலே படித்து நமக்கு எழுந்ததன்று. 2019 ஆம் ஆண்டு மார்கழியிலே, நம் தந்தையார் தம் உழைப்பால் எழுப்பிய வீட்டை விற்க நேர்ந்தபோது, நம் வாயிற்படியிலேயே வந்து நின்ற கேள்வி இது.

திருவாரூர்ச் சீமையிலே நாட்டு ஓடு வேய்ந்த வீடு. தெருவைப் பார்த்த திண்ணை, நடுவிலே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கொல்லையிலே கிணறு. பெற்றோர் மறைந்தபின் பூட்டிக் கிடந்தது. பிழைப்பு நம்மைப் பட்டணத்திலே கட்டிப் போட்டுவிட்டது. பூட்டிய வீட்டுக்கு வாடகை கேட்காத குடியாக வந்து சேர்வது எது? கறையான்! கூடத்தின் நடு உத்தரத்தை அது உள்ளே உள்ளே தின்று, மேலே தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது. விரலால் தட்டினால் மரத்தின் ஒலி வரவில்லை, பானையின் ஒலி வந்தது.

தரகர் வந்தார். அனுபவசாலி. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார், நம்மைத் திண்ணையிலே உட்கார வைத்தார், உபதேசம் தொடங்கினார்.

"ஐயா! இப்போது மார்கழி. இந்த மாதத்திலே எவனும் அச்சாரம் கொடுக்கமாட்டான். கொடுக்கவும் வேண்டாம். போகிக்குள் வெள்ளையடித்துவிடுங்கள். உத்தரத்துக்கு அடியிலே ஒரு பலகையை அறைந்து, மேலே வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்குப் பிள்ளைகுட்டிகளோடு வந்து நாலு நாள் தங்குங்கள். வாசலிலே கோலம், கொல்லையிலே கரும்பு, அடுப்பிலே பால் பொங்கட்டும். அந்த நேரம் பார்த்து ஆளை நான் அழைத்து வருகிறேன். வீடு தானே பேசும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்களே, வழி மட்டுமல்ல, விலையும் பிறக்கும்!"

கொத்தனாரும் அங்கேயே இருந்தார். பலகை அறைவது ஒரு நாள் வேலை என்றார்; உத்தரத்தையே மாற்றுவதென்றால் ஓடு பிரிக்கவேண்டும், ஒரு இலட்ச ரூபாய் ஆகும் என்றார். கேட்க நினைத்த விலை இருபத்திரண்டு இலட்சம். ஒரு பலகை, ஒரு குவளை வார்னிஷ், அத்துடன் நம் மௌனம். இம்மூன்றும் சேர்ந்தால் ஒரு இலட்சம் மிச்சம்!

தோழர்களே! சபலம் தட்டவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு வெள்ளையடிப்புத்தான். தட்டியது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஊரிலே எவன் தன் வீட்டின் ஓட்டையை ஊர் கூட்டிச் சொல்லி விற்கிறான்? வாங்குபவனுக்குக் கண் இல்லையா, கருத்து இல்லையா, கூட ஒரு கொத்தனாரை அழைத்துவர வழியில்லையா? இப்படியெல்லாம் நமக்கு நாமே வழக்கறிஞராகி வாதாடிக்கொண்டோம். அப்போதுதான், எப்போதோ படித்த ஒரு ரோமாபுரிக் கதை நினைவுக்கு வந்தது.

சிசரோ என்ற பேச்சாளனை நம் மேடைத் தோழர்கள் அறிவர். அவன் கி.மு. 44 ஆம் ஆண்டிலே, கடமைகளைப் பற்றித் தன் மகனுக்கு ஒரு நூல் எழுதினான். அதன் மூன்றாம் பகுதியிலே வருகிறது கதை. கேனியஸ் என்ற ரோமானியச் செல்வன், ஓய்வுக் காலத்தை இன்பமாகக் கழிக்க சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகருக்குப் போகிறான். கடலோரமாக ஒரு சிறு தோட்டவீடு கிடைத்தால் வாங்கலாம் என்று சொல்லிவைக்கிறான். அவ்வூரிலே வட்டிக்கடை நடத்திய பித்தியஸ் காதிலே அது விழுகிறது. "என்னிடம் தோட்டம் உண்டு, ஆனால் விற்பதற்கில்லை, உன் வீடாகவே எண்ணி நாளை விருந்துக்கு வா" என்கிறான். விற்பதற்கில்லை என்பதே முதல் தூண்டில்! பிறகு மீனவர்களை அழைக்கிறான். நாளைக்கு என் தோட்டத்துக்கு எதிரிலேதான் மீன் பிடிக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்கிறான். மறுநாள் விருந்து. கண்ணுக்கெட்டிய தூரம் படகுகள்! பிடித்த மீனைக் கொண்டுவந்து ஒவ்வொருவனும் பித்தியசின் காலடியிலே கொட்டுகிறான். கேனியஸ் வியக்கிறான். சிராக்யூசின் மீனெல்லாம் இங்கேதான், இந்த இடம் இல்லாமல் இவர்களுக்குப் பிழைப்பே இல்லை என்கிறான் பித்தியஸ். ஆசை தலைக்கேறுகிறது. கேட்ட விலைக்கு, தட்டுமுட்டுச் சாமான்களோடு வாங்கிவிடுகிறான். அடுத்த நாள் தன் நண்பர்களை விருந்துக்கு அழைத்துவிட்டு முன்னதாகவே வந்து பார்க்கிறான். கடல் இருக்கிறது, படகைக் காணோம். ஒரு துடுப்புக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்கிறான், இன்று மீனவர்களுக்கு ஏதேனும் திருநாளோ என்று. திருநாள் ஒன்றுமில்லை, இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை, நேற்று வந்ததைப் பார்த்து நான்தான் திகைத்துப்போனேன் என்கிறான் அவன்!

நம் தரகர் சிசரோவைப் படித்தவரல்லர். ஆனாலும் பித்தியசின் படகுக்குப் பதில் பால்பானையும், மீனுக்குப் பதில் கரும்பும் வைக்கச் சொன்னாரே, என்னே ஒற்றுமை! இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி, இரண்டு கண்டம், விற்பவன் மூளை மட்டும் ஒரே தச்சன் செய்தது.

பித்தியசை வஞ்சகன் என்று சொல்லிவிடுவது எளிது. இல்லாததை இருப்பதாகக் காட்டினான்; ஆகவே வஞ்சகன். சிக்கல் அடுத்த கட்டத்திலேதான் பிறக்கிறது. இல்லாததைக் காட்டாமல், இருப்பதைச் சொல்லாமல் மட்டும் இருந்தால்? பொய் பேசாமல், வாய் திறவாமல் இருந்தால்?

சிசரோவே இதையும் எடுத்துக்கொள்கிறான். அவன் தரும் சான்றைப் படித்தபோது திடுக்கிட்டோம். ஒரு நல்ல மனிதன் வீட்டை விற்கிறான். அறைகளிலே நச்சுப் பூச்சிகள் வருவதும், மரங்கள் உளுத்து வீடு விழும் நிலையிலிருப்பதும் அவன் ஒருவனுக்கே தெரியும். சொல்லாமல் விற்றால் அது நேர்மையா? நம் நடுக் கூடத்து உத்தரம் ரோமாபுரி வரை போய் வழக்காடியிருக்கிறது!

இரண்டு ஸ்டோயிக் அறிஞர்களை எதிரெதிரே நிறுத்துகிறான். ஆசிரியர், பாபிலோனிய டயோஜெனிஸ். மாணவர், ஆன்ட்டிபேட்டர். ஆசிரியர் சொல்கிறார்: சட்டம் எதைச் சொல்லக் கட்டளையிடுகிறதோ அதைச் சொன்னால் போதும். வாங்கு என்று எவனும் வற்புறுத்தவில்லை. அவன் தனக்குப் பிடிக்காததை விற்றான், நீ உனக்குப் பிடித்ததை வாங்கினாய். நோய் தரும் வீடு விற்பனைக்கு என்று ஏலக்காரன் கூவுவானாயின் அதைவிடக் கேலிக்கூத்து உண்டோ? மாணவர் மறுக்கிறார்: மனிதர் அனைவரும் ஒரு சமுதாயம், உன் நன்மையும் அவன் நன்மையும் பகையல்ல, வழி தவறியவனுக்கு வழி காட்டாமலிருப்பதையே இழிவென்கிறோம், தவறான வழியிலே அவன் நடப்பதைப் பார்த்து இலாபம் அடைவது அதைவிட இழிவன்றோ?

ஆசிரியர் வாதத்திலே சத்து இல்லையென்று தள்ளிவிட முடியாது. விற்பவன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? எதிர்வீட்டுக்காரர் வைகறையிலே உரக்க இருமுவார் என்று சொல்லவேண்டுமா? மூன்றாவது படி சற்றுக் குட்டை என்று சொல்லவேண்டுமா? சொல்லாமல் விடுவதெல்லாம் மறைப்பு ஆகாது. சிசரோவும் அதை ஒப்புக்கொண்டு, ஒரு கோடு கிழிக்கிறான். நீ அறிந்தது, அவன் அறிந்தால் அவனுக்குப் பயன்படுவது. அதை அவன் அறியாமலிருக்கவேண்டும் என்று உன் ஆதாயத்துக்காக நீ விரும்பினால், அதுவே மறைப்பு. மௌனத்தின் நீளத்தை அவன் அளக்கவில்லை. மௌனத்தின் அடியிலே இருக்கும் விருப்பத்தை அளக்கிறான். நமக்கு அந்த அளவுகோல் பிடித்திருந்தது. பிடித்திருந்த காரணத்தாலேயே உறுத்தவும் செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் இளைஞர் உண்டு. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அதன் 55 ஆம் பிரிவு. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவனுக்குத் தெரிந்து, வாங்குபவனுக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தாலும் அவன் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி. வெள்ளைக்காரன் ஆட்சியிலே எழுதிய சட்டம், ஆன்ட்டிபேட்டர் பக்கம் பாதி தூரம் நடந்து வந்திருக்கிறது. ஆனால் எத்தனை பத்திர எழுத்தர்கள் இதைப் படித்துக் காட்டுகிறார்கள்? "யாதொரு வில்லங்கமும் இல்லை" என்ற வரி அச்சிலே தயாராகக் கிடக்கிறது. கறையானைப் பற்றிய வரி எந்த அச்சிலும் இல்லை. சட்டம் இருந்தும், அது வழக்குமன்றத்திலே இருக்கிறது. திண்ணையிலே இருப்பது நாமும் தரகரும்தான்.

இனி அந்தத் தை மாதத்துக்கு வருவோம்.

தை மாதத்திலே வீடு காட்டுவதிலுள்ள சூட்சுமம், பஞ்சாங்கத்திலே இல்லை, பருவத்திலே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கிணறு நிறைந்து கை எட்டும் தொலைவிலே நீர் தளும்பும். ஓட்டின் ஒழுக்கு மழையிலேதான் தெரியும், மழை போய்விட்டது. வெயிலின் வெக்கை வரவில்லை. தெருவே வெள்ளையடித்திருப்பதால் நம் வெள்ளைக்கு ஏன் என்று கேட்க எவருக்கும் தோன்றாது. 2019 ஆம் ஆண்டுக் கோடையிலே தமிழகமே தண்ணீருக்குத் தவித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் வரிசையிலே நின்ற கோடை அது. நம் கொல்லைக் கிணறும் அந்தச் சித்திரையிலே தரை காட்டியது. அதே கிணறு அதே ஆண்டு மார்கழியிலே முகம் பார்க்கும் கண்ணாடி! வாங்க வருபவன் வாளியை விட்டு மொண்டு, வாயிலே ஊற்றி, இனிக்கிறதே என்பான். நாம் ஒரு சொல்லும் பொய் சொல்லவேண்டியதில்லை. பருவமே நமக்காகப் பொய் சொல்லும்.

தை மாதம் மங்கலம், மார்கழி ஆகாது, ஆடி கூடாது என்று வகுத்து வைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் வகுத்தார்களா என்று நாம் அறியோம். ஆனால் விற்பவனுக்கு அந்த மூடநம்பிக்கை பணியாளாக இருக்கிறது என்பதை அறிவோம். நல்ல நாள் என்றால் பதிவு அலுவலகங்களிலே நெரிசல். அதைத் தாங்க, அரசே முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன்கள் ஒதுக்குகிறது. நாள் நல்ல நாளா என்று நாலு பேரைக் கேட்பவன், உத்தரம் நல்ல உத்தரமா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதில்லை! நட்சத்திரத்தை அண்ணாந்து பார்ப்பவன் கண்ணிலே, இடையிலே இருக்கும் உத்தரம் படுவதேயில்லை.

ரோமாபுரியும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. சென்டுமாலஸ் என்பவனுக்குச் சீலியன் குன்றிலே உயரமான வீடு. புள்நிமித்தம் பார்ப்போர், அதாவது பறவைகள் பறக்கும் திசையைப் பார்த்து நாட்டுக்கு நல்லது கெட்டது கூறுவோர், கோட்டை மேட்டிலிருந்து வானத்தைப் பார்க்க அவ்வீடு இடைஞ்சல் என்று, மேற்பகுதியை இடிக்கக் கட்டளையிட்டனர். சென்டுமாலஸ் என்ன செய்தான்? இடிக்கவில்லை, கட்டளையைச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவனுக்கும் அதே கட்டளை வந்தது. வழக்கு கேட்டோ என்பவரிடம் போயிற்று. தெரிந்தும் சொல்லாதவனே நட்டத்தைத் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இங்கே பகுத்தறிவாளனுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பறவை பார்ப்பது பேதைமை. ஆனால் அந்தப் பேதைமை கட்டளையாகி, கடப்பாறையாகி வந்து வீட்டை இடிக்கும்போது அது கற்பனையன்று, நட்டம்! நம்பாதவனுக்கும் அந்த நட்டத்தை மறைக்க உரிமையில்லை. 1991 ஆம் ஆண்டிலே நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு மன்றம் ஒரு வேடிக்கையான வழக்கைக் கண்டது. நயாக் என்ற ஊரிலே ஒரு வீட்டுக்காரி, தன் வீட்டிலே ஆவிகள் உலவுவதாக ஏடுகளிலே எழுதிப் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். விற்கும்போது மட்டும் வெளியூர்க்காரனிடம் அதைச் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஆவி உண்டென்று கூறியவள் இப்போது இல்லையென்று சொல்லமுடியாது. ஆகவே சட்டத்தின் கண்ணிலே அது ஆவி உலவும் வீடுதான் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வாங்கியவனுக்கு வழி பிறந்தது. சிரிப்பு வருகிறதல்லவா? நமக்கும் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நம் கொல்லைக் கிணற்றை எட்டியபோது நின்றுவிட்டது.

அந்தக் கிணற்றிலேதான் நம் சித்தி மாண்டார். சிறு வயதிலே மணம். மூன்றாம் ஆண்டு கணவன் மறைவு. பிறகு அந்த வீட்டின் பின்கட்டே அவர் உலகம். பொங்கலன்று அடுப்பண்டை வரக்கூடாது, மஞ்சள் தொடக்கூடாது, புறப்படுபவர் எதிரே நிற்கக்கூடாது. நாம் சிறுவனாக இருந்தபோது ஒரு விடியலிலே அந்த வாழ்வு முடிந்தது. ஊர் என்ன சொல்லிற்று? கிணற்றடியிலே சித்தி நடமாடுகிறாள் என்றது. உயிரோடு நடமாட விடாதவர்கள், செத்தபின் நடமாடுகிறாள் என்றார்கள்!

இதை வாங்குபவனிடம் சொல்லவேண்டுமா? நாம் முதலிலே முடிவு செய்தது, வேண்டாம் என்று. பேயை நம்பாத நாம், பேய்க்கதையை ஏன் சுமக்கவேண்டும்? சொன்னால் மூடநம்பிக்கைக்கு நாமே முரசு கொட்டியதாகாதா? தெருக்குத்து உண்டா, வாசல் எந்தத் திசை என்பதெல்லாம் அவன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். இந்தச் சாவு சுவரின் குறையோ நீரின் குறையோ அன்று. அழகான வாதம். ஆனால் சிசரோவின் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தோம். அவன் அறியாமலிருக்கவேண்டும் என்று விரும்புகிறோமா? ஆம். ஏன் விரும்புகிறோம்? விலை குறையும் என்பதால். பகுத்தறிவைப் பலகையாக்கி, அதன்மேல் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தோம்!

இன்னொன்றும் உறைத்தது. பேய் என்ற கதை, சித்தியைக் கொன்றது எது என்பதை மறைக்கும் திரை. அந்தத் திரையை விலக்காமல் சாவையே மறைத்துவிட்டால், கொன்ற வழக்கமும் சேர்ந்தல்லவா தப்பிவிடுகிறது? ஆகவே இரண்டையும் சொல்வது என்று முடிவாயிற்று: இறந்தார் என்பதையும், எதனால் இறந்தார் என்பதையும்.

குறை சுவரிலும் கிணற்றிலும் மட்டுமா? உரிமையிலும் ஒன்று இருந்தது. நம் தங்கை. தந்தையார் உயில் எழுதாமல் மறைந்தவர். தாமே தேடிய சொத்து. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. ஆயினும் அச்சட்டம் ஒரு முட்டுக்கட்டையையும் வைத்திருந்தது: ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வந்தாலொழிய, குடியிருக்கும் வீட்டிலே தன் பங்கைப் பிரித்துத் தரும்படி மகள் கேட்க முடியாது. 2005 இல்தான் அது நீங்கிற்று. செங்கற்பட்டிலே 1929 இல் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பூர்விகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழக அரசு சட்டம் செய்தது 1989 இல். அறுபது ஆண்டு!

சட்டம் வந்துவிட்டது. வழக்கம் போகவில்லை. உறவினர் ஒருவர் நமக்கு யோசனை சொன்னார்: "பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு போகும்போதே, விடுதலைப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். பட்டுப் புடவையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொள்ளலாம். தங்கை மறுக்கமாட்டாள்." உண்மைதான், மறுத்திருக்கமாட்டாள். அதுதான் கொடுமை! ஆண்டுதோறும் அண்ணன் கொண்டுபோகும் கரும்பும் மஞ்சள் கொத்தும் அன்பின் அடையாளம் என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கையின்மேல் பத்திரத்தை விரித்தால், கையெழுத்து விழும். பித்தியஸ் ஒரு வழிப்போக்கனையே ஏமாற்றினான். நாம் பொங்கல் சீரைத் தூண்டிலாக்கி உடன்பிறந்தாளை ஏமாற்றினால், பித்தியஸ் நம்மைப் பார்த்து நாணுவான். சீரும் போயிற்று, விடுதலைப் பத்திரம் போகவில்லை. விற்பனைத் தொகையிலே பாதி அவளுடையது என்று சொன்னபோது, அவள் கேட்டது பணத்தைப் பற்றியன்று. "அண்ணே! சித்தியைப் பற்றி வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்றாள்.

தெருக்காரர்கள் அடுத்து வந்தனர். விலை எவ்வளவு குறைந்தாலும் நம்மவர்களுக்கே கொடுங்கள் என்றனர். அதற்கு விடை சொல்ல நமக்கு நெடுநேரம் ஆகவில்லை. அமெரிக்காவிலே வெள்ளையர் தெருவில் கறுப்பர்க்கு வீடு விற்பதில்லை என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த நிபந்தனைக்கு நீதிமன்றம் துணை நிற்காது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1948 இல் சொல்லிற்று. நம் தெருவிலே பத்திரம் எழுதுவதில்லை, பார்வையாலேயே எழுதிவிடுகிறார்கள். கறையானைவிட ஆழமாக உத்தரத்தைத் தின்பது அது.

வாங்க வந்தவர் மோட்டார் பம்பு பழுதுபார்ப்பவர். இருபது ஆண்டுச் சேமிப்பு அவர் மடியிலே. தெரு எவரை வேண்டாமென்றதோ, அவருள் ஒருவர். மார்கழியிலேயே வந்தார், தை வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை, நமக்கும் தேவையில்லை. தரகர் தலையிலே கைவைத்துக்கொண்டார். வெள்ளையடிக்காத சுவரைக் காட்டினோம். உத்தரத்தைத் தட்டிக் காட்டினோம். கிணறு சித்திரையிலே வற்றும் என்றோம். பிறகு சித்தியைப் பற்றிச் சொன்னோம்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. கிணற்றங்கரைக்குப் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கேட்டார்: "அவர்களுக்கு வயது என்ன இருக்கும் ஐயா, அப்போது?"

"இருபத்திரண்டு."

"என் மகளுக்கு இருபது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து உத்தரத்தின் கணக்குக்கு வந்தார். கொத்தனார் சொன்ன ஒரு இலட்சத்தைக் குறைத்துக்கொள்ளக் கேட்டார், குறைத்தோம். கிணற்றுக்கு எவ்வளவு என்றோம். கிணற்றை ஆழப்படுத்துவது தன் தொழிலோடு ஒட்டியது, அதற்கு வேண்டாம் என்றார். பத்திரத்திலே ஒரு விலை, கையிலே ஒரு விலை என்ற பேச்சைத் தரகர் எடுத்தார். அந்நாளிலே முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. பின்னது 2023 இல்தான் 2 ஆகக் குறைந்தது. ஏழைக்கு அது பெருஞ்சுமை என்பதை அறிவோம். ஆனால் குறைத்தெழுதச் சொன்னவர் தரகர்தான். வாங்குபவர் முழு விலையையும் எழுதச் சொன்னார். வங்கிக் கடனுக்குப் போனால் பத்திரம்தானே பேசவேண்டும் என்பது அவர் கணக்கு. அறம் எப்போதும் அறமாகவே வரவேண்டுமென்பதில்லை. சில வேளைகளிலே கணக்காகவும் வரும்.

மார்கழி முடியுமுன் பதிவு. அலுவலகத்திலே கூட்டமில்லை, விசிறிகளும் எழுத்தர்களும் ஓய்வாக இருந்தனர். தங்கை தன் கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டாள். நல்ல நாள் பார்த்துச் செய்திருந்தால் நாள் முழுவதும் வரிசையிலே நின்றிருப்போம்.

போகியன்று பூட்டின் பழைய சாவி ஒன்றைக் கொடுக்கப் போனோம். வாசலிலே சுண்ணாம்புத் தொட்டி. அவர் ஏணிமேல் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூடத்திலே ஓடு பிரித்து, புது உத்தரம் ஏறியிருந்தது. செல்லரித்த பழைய உத்தரம் தெருவோரம் கிடந்தது. அதைப் போகித் தீக்குத் தரும்படி பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.